தீவகத்துக் கிறவல் வழிகள்

ஓர் ஊரை அறிந்துகொள்ள விரும்புகிறவன் முதலில் தன் வேகத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். மோட்டார் வண்டியிற் செல்பவனுக்கு ஊர் கண்ணாடிக்கு வெளியே ஓடி மறைகிறது. கால்நடையாகச் செல்பவனுக்கு ஒரு நாளிற் காணக் கிடைப்பது ஊரின் ஒரு மூலை மாத்திரமே. துவிச்சக்கர வண்டியிற் செல்பவனோ ஊரையும் காண்கிறான்; வேலிக்கு மேலாக ஊராரோடு இரண்டு வார்த்தை பேசவும் செய்கிறான். இவ்வாரம் அந்த வண்டியைப் பற்றியும், அது செல்வதற்கென்றே அமைந்தன போன்ற நமது தீவகத்து வழிகளைப் பற்றியும் சிறிது ஆராய்வோம்.

மேல்நாடுகளில் அண்மைக் காலத்திலே ‘கிறவல் சைக்கிள்’ என்றொரு வண்டி பெரும் புகழ் பெற்றிருக்கிறது. தார் போடாத வழிகளிற் செல்வதற்கென அமைக்கப்பட்ட வண்டி அது. பந்தய வண்டியைப் போல வளைந்த கைபிடியும், அதனினும் அகன்ற ரயர்களும் உடையது. 2022ஆம் ஆண்டு இத்தாலியின் வெனெற்றோப் பகுதியில் இதற்கென முதலாவது உலகப் போட்டியே நடைபெற்றது. இதன் விலையைக் கேட்டாற் பெற்றோர் பலர் மலைத்துப்போவர். ஆனால், மலைக்க வேண்டியதில்லை. இவ்வண்டிகளிற் பெரும்பாலும் பூட்டப்படும் ரயரின் அகலம் ஏறக்குறைய 40 மில்லிமீற்றர். நம் பாட்டனார்கள் சந்தைக்கும் தோட்டத்துக்கும் மிதித்துச் சென்ற 28 அங்குலச் சைக்கிளின் ஒன்றரை அங்குல ரயரும் அதே அகலந்தான்! அகன்ற ரயரிற் காற்றை அளவாக அடைத்தால், அது சிறு கற்களை உள்வாங்கிக்கொண்டு உருளும். மணலிலும் எளிதிற் புதையாது. இன்றைய பொறியியலாளர் மீண்டும் கண்டுபிடித்த இவ்வுண்மை, கிறவல் ரோட்டிலே வாழ்ந்த நம்மவர்க்குப் பழைய அனுபவம்.

அல்ப்ஸ் மலைநாடுகளில் ஏரிகளைச் சுற்றி மோட்டார் வண்டி நுழையாத வழிகளை அமைத்திருக்கிறார்கள். பிரான்சிலே அன்னெசி ஏரியின் மேற்குக் கரையில், கைவிடப்பட்ட பழைய புகையிரதப் பாதையே சைக்கிள் வழியாக மாற்றப்பட்டது. சுவிற்சர்லாந்தில் 1998ஆம் ஆண்டு, நாடு முழுவதையும் இணைக்கும் ஒன்பது தேசிய சைக்கிள் வழிகள் திறந்துவைக்கப்பட்டன. 2018 செப்ரெம்பரில் அந்நாட்டு மக்கள் இவ்விஷயத்தை வாக்கெடுப்புக்கே கொண்டுசென்றார்கள். வாக்களித்தோருள் 73.6 வீதத்தினர் ஆதரிக்கவே, சைக்கிள் வழி என்பது அரசியலமைப்பில் இடம்பெற்றது. அதற்கான சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. புங்குடுதீவிலும் வேலணையிலும் வேர்கொண்ட குடும்பங்கள் பல இன்று அந்நாட்டிலே வாழ்கின்றன. அக்குடும்பத்துப் பிள்ளைகள் அந்த ஏரிக்கரைகளிற் சைக்கிள் மிதித்து வளர்கிறார்கள். விடுமுறையிலே தாய்மண்ணுக்கு வரும்போது, அத்தகைய வழிகள் தம் பேரனார் ஊரிலும் உண்டு என்பதை அவர்களுக்கு யார் காட்டுவது?

உண்டு என்பதை இனிக் காண்போம். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தால் மேற்கு நோக்கிச் செல்லும் வீதி, இருபுறமும் நீர் பரந்திருக்க, கடலின்மேற் செல்வது போலவே அமைந்திருக்கிறது. மாரி காலத்தில் ஆழமற்ற நீரிலே பூநாரைகள் நிரையாக நிற்பதைக் காணலாம். மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான் ஆகியவற்றைக் கடந்தால் வேலணை. அங்கிருந்து வடமேற்கே சென்றால் ஊர்காவற்றுறை. ஒருகாலத்தில் யானைகளைக் கப்பலேற்றிய துறைமுகம் அது. துறைக்கு எதிரே நீர் நடுவில் நிற்கும் கடற்கோட்டைக்கு ஒல்லாந்தர் ‘ஹம்மன்ஹீல்’ என்று பெயரிட்டனர். இலங்கையின் வடிவம் ஒரு பன்றித்தொடை போன்று அவர்கள் கண்ணுக்குத் தோன்றியதால், அதன் குதிகால் என்று பொருள்பட இட்ட பெயராம்! ஊர்காவற்றுறையில் மிதக்கும் பாதையிலேறிக் காரைநகரை அடைந்து, பொன்னாலைப் பாலத்தால் குடாநாட்டுக்குத் திரும்பினால், கடனீரேரியை ஒரு வட்டம் சுற்றியதாகும். அல்ப்ஸ் ஏரியைச் சுற்றுவோர் அடையும் இன்பம் இதிலும் குறைவில்லை.

ஆயினும், மோட்டார் ஓசை கேளாத வழியைத் தேடுவோர் மேலும் மேற்கே செல்ல வேண்டும். வேலணையிலிருந்து கடலை ஊடறுக்கும் தாம்போதியாற் புங்குடுதீவையடைந்து, அதன் மேற்கோரத்துக் குறிகட்டுவான் துறையிற் படகேற வேண்டும். நயினாதீவு மிகச் சிறியது. நாகபூஷணி அம்மன் கோயிலையும் நாகவிகாரையையும் தரிசிக்கக் காலே போதும். சைக்கிளுக்கு அங்கே அதிக வேலையில்லை. சைக்கிளின் அருமை விளங்கும் இடம் நெடுந்தீவாகும்.

படகிலே ஏறத்தாழ ஒரு மணி நேரம் சென்றால் வரும் அத்தீவு, சுமார் எட்டுக் கிலோமீற்றர் நீளமும் ஐம்பது சதுர கிலோமீற்றர் பரப்பும் உடையது. நிலம் முழுவதும் முருகைக்கல். கிடுகும் பனையோலையும் கொண்டு நாம் வேலியடைப்பது போல, அங்கே முருகைக்கல்லைச் சாந்தின்றி அடுக்கி வேலி கட்டியிருக்கிறார்கள். கல்வேலிகளுக்கிடையே ஓடும் வெண்ணிற ஒழுங்கைகளிற் சக்கரம் உருளும் ஓசையும் பனங்கூடலிற் காற்றிரையும் ஓசையுமே பெரும்பாலும் காதில் விழும். ஒல்லாந்தர் காலத்துக் கோட்டையின் இடிபாடு, புறாக்கூடு, நடுவே பொந்துடைய பருத்த பெருக்குமரம், தெற்கு முனையிலே கப்பல்களுக்கு வழிகாட்டிய குவிந்தாக் கோபுரம் ஆகியவற்றை ஒரு பகலிற் பார்த்துவிடலாம். வெட்டவெளிகளிலே மேயும் மட்டக்குதிரைகள் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை என்பர். வறட்சி மிகும்போது அவை நீரின்றி மடிவதும் உண்டு. 2015ஆம் ஆண்டு தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. மோட்டார் சைக்கிளின் உறுமலுக்கு மிரண்டோடும் குதிரை, மெதுவாக வரும் துவிச்சக்கர வண்டியை அத்துணை அஞ்சுவதில்லை.

சைக்கிளுக்கும் நம் மக்களுக்கும் உள்ள உறவு பொழுதுபோக்கினால் வந்ததன்று. 1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டு, எரிபொருளுக்குத் தடை விதிக்கப்பட்டபோது, குடாநாட்டின் சுமை முழுவதும் இரண்டு சக்கரங்களின்மேல் ஏறியது. விறகும் நோயாளியும் பிள்ளைகளும் சைக்கிளிலேயே சென்றனர். மின்சாரமற்ற இரவுகளிற் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். அதே ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். மீளாதோர் பலர், கூரையற்ற வீடுகள் இன்றும் அதற்குச் சாட்சி கூறுகின்றன. 2022இல் எரிபொருள் முடை நாடு முழுவதையும் வாட்டியபோது, மூலையிற் கிடந்த சைக்கிள்கள் மறுபடியும் துடைக்கப்பட்டன. துன்பம் வந்தபோதெல்லாம் கைகொடுத்த வண்டியை, துன்பம் நீங்கியதும் ஏழைமையின் அடையாளமென்று ஒதுக்குவது நன்றியுடைமையாகுமா?

இனி, நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றுண்டு. தீவகத்து வீதிகள் யாவும் கிறவலாகவே கிடக்க வேண்டும் என்பது நம் கட்சியன்று. பேறுகாலத்துப் பெண்ணையும் காய்ச்சற்காரப் பிள்ளையையும் துறைக்குக் கொண்டுசெல்வதற்கு நல்ல காப்பெற் வீதி அவசியம். பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் அவசியம். அதை மறுப்பவர் தீவிலே ஒரு மாரியைக் கழித்துப் பார்க்கட்டும். ஆனால், எல்லா ஒழுங்கையையும் அகலமாக்க வேண்டியதில்லை. கடற்கரை ஓரத்து வழிகளையும், கல்வேலிகளுக்கிடைப்பட்ட ஒழுங்கைகளையும், காலுக்கும் சைக்கிளுக்கும் உரியனவென்று இப்போதே ஒதுக்கிவைத்தல் நன்று. இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. சந்திகளிற் சில வழிகாட்டிப் பலகைகளும், பிரதேச சபையின் ஒரு தீர்மானமும், ஊராரின் ஒருமனமும் போதும். ஒழுங்கையை அகலமாக்குவதற்காக ஒருமுறை இடித்த கல்வேலியை மீண்டும் அடுக்கித் தர அக்கை வன்மையுடையோர் என்றும் கிடைப்பர் என்பது நிச்சயமில்லை.

இதனால் தீவாருக்கும் ஊதியமுண்டு. மோட்டாரில் வருபவர் இரண்டு மணி நேரத்தில் யாவற்றையும் பார்த்துவிட்டு அடுத்த படகிற் போய்விடுவார். சைக்கிளில் வருபவருக்குத் தாகம் எடுக்கும், பசி எடுக்கும், நிழலும் வேண்டும். அவர் மோர் வாங்குவார், கருவாடும் பனங்கட்டியும் வாங்குவார், வாடகைக்குச் சைக்கிள் எடுப்பார்.

செல்ல விரும்பும் மாணவர்களுக்குச் சில குறிப்புகள். மலையில்லாத நாட்டிற் காற்றே மலை. சோளகக் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரையுள்ள மாதங்களில் மேற்கு நோக்கி மிதிப்பது கடினம், கடலும் கொந்தளிக்கும். மாசி, பங்குனி மாதங்கள் உகந்தவை. விடியற்காலையிலே புறப்படுங்கள், திரும்பும் படகின் நேரத்தைத் துறையிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். ஒட்டும் சாமான்களும் கைப்பம்பும் இல்லாமற் செல்லாதீர்கள். நெருஞ்சி முள்ளுக்குத் தயவு தாட்சணியம் கிடையாது. குடிநீரை உடன் கொண்டுசெல்லுங்கள். தீவிலே நன்னீர் என்பது, மழை தந்து, உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கும் அரும்பொருள். அதை வீணாக்குதல் பாவம். கைவிடப்பட்ட வளவுகளுக்குள் நுழையாதீர்கள். பற்றைக்குள் கட்டில்லாக் கிணறுகள் இருக்கும். குதிரைகளைத் துரத்தாதீர்கள், கல்வேலியிலிருந்து ஒரு கல்லையேனும் எடுக்காதீர்கள்.

அல்ப்ஸ் நாட்டார் சட்டமியற்றியும் பொருள் செலவிட்டும் உண்டாக்கிய அமைதியான வழியை, நமக்கு முன்னோரின் உழைப்பும் கடலின் தனிமையும் சேர்ந்து இலவசமாகவே தந்திருக்கின்றன. உண்டாக்குவது அவர்கள் வேலையாயிற்று. இழவாமற் காப்பது நம் வேலை. பெற்றோர்களே, வரும் விடுமுறையிற் பிள்ளைகளை ஒருமுறையாவது அவ்வழியே அழைத்துச் செல்லுங்கள். கண்ணாற் கண்டு, காலால் மிதித்து அறிந்த மண்ணைக் காப்பதற்கு எவரும் அவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை.