யாராலும் பறிக்க முடியாத சொத்தாம்!

சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் கவரைப்பேட்டையைத் தாண்டினால் இருபுறமும் வீட்டுமனைப் பலகைகள். மனை விற்பனைத் தொடக்க விழாவுக்குப் பேச வருகிறவர்கள் எல்லோரிடமும் ஒரே வசனம்தான்: பணம் கரையும், நகை திருடு போகும், மண் மட்டும் யாராலும் பறிக்க முடியாத சொத்து. பல வருடங்களாகக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அதுவும் எந்த ஊரில் வந்து பேசுகிறார்கள்? கும்மிடிப்பூண்டியில்!

சொத்துரிமை அடிப்படை உரிமை என்பார்கள். 1978-இல் கொண்டுவந்த 44-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தோடு அது போயிற்று. இன்று மிச்சமிருப்பது 300-ஏ பிரிவு. சட்டத்தின் வழியாக அல்லாமல் ஒருவர் சொத்தை எடுக்கக் கூடாது என்கிறது அது. சட்டம் போட்டு எடுக்கலாம் என்று படித்துக்கொள்ளுங்கள்.

பத்திரம் இருக்கிறதே, பட்டா இருக்கிறதே என்பது அடுத்த வாதம். பதிவு அலுவலகம் பத்திரத்தைப் பதிகிறது. விற்றவருக்கு அந்த நிலம் உண்மையிலேயே சொந்தமா என்பதற்கு உத்தரவாதம் தருவதில்லை. பட்டா வருவாய்த்துறைப் பதிவு மட்டுமே, அது உரிமை மூலம் ஆகாது என்று நீதிமன்றங்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டன. நில ஆவணங்களைப் புதுப்பித்த யு.டி.ஆர். காலத்தில் மாறி ஏறிய பெயரைத் திருத்த இன்னமும் தாலுகா அலுவலகப் படியேறுகிறவர்களிடம் இந்தப் பேச்சாளர்கள் மைக் பிடித்துப் பார்க்கட்டும்.

மண்ணுக்கு அடியில் கிடைப்பதும் நமக்கேயாம். கடைக்கால் தோண்டும்போது 10 ரூபாய்க்கு மேல் பெறும் புதையல் தென்பட்டால் கலெக்டருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டம்.

இதெல்லாம் சில்லறை. தேர்வாய் கண்டிகைக்கு வாருங்கள். இதே கும்மிடிப்பூண்டி தாலுகாதான். அங்கே ஆயிரம் ஏக்கருக்கு மேல் மேய்க்கால் நிலம் இருந்தது. ஊரார், பெரும்பாலும் தலித்துகள், மாடு மேய்த்து, விறகு பொறுக்கி, காடாக வளர்த்துக் காத்துவந்த இடம். சிப்காட் தொழிற்பூங்காவுக்கென்று அதை எடுத்தார்கள்; பிரான்சின் மிஷெலின் டயர் கம்பெனி வந்தது. மறியல், வழக்கு, சிறை எல்லாம் நடந்தன. 2012-இல் பாரீஸ் வரை முறையீடு போனது. பதில் எளிது: அது புறம்போக்கு, உங்கள் பெயரில் ஒன்றும் இல்லையே!

சரி, பட்டா இருந்திருந்தால்? அதற்கும் அதே ஊரில் விடை இருக்கிறது. சென்னைக்குக் குடிநீர் வேண்டுமென்று கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஏரிகளை இணைத்து 50 கோடி கன அடி கொள்ளும் நீர்த்தேக்கம் கட்டினார்கள். 2020 நவம்பரில் திறப்பு விழாவும் நடந்தது. அதற்காகப் பட்டா நிலங்களும்தான் போயின. புறம்போக்குக்காரருக்கு வெறுங்கை, பட்டாக்காரருக்கு இழப்பீடு. பட்டாவின் மகிமை அவ்வளவுதான்: நிலம் போகிற அன்றைக்கு ஒரு காசோலை.

நீதிமன்றம் காப்பாற்றாதா? காப்பாற்றிய கதையையும் கேளுங்கள். தொழிற்சாலைகளுக்கு நிலமெடுக்கத் தமிழ்நாட்டுக்கென்று 1997-ஆம் வருடத்துச் சட்டம் உண்டு. 2013-இல் வந்த மத்தியச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீடு கேட்டது, தனியார் திட்டங்களுக்கு நில உரிமையாளர்களின் சம்மதமும் கேட்டது. மாநில அரசு 105-ஏ என்ற பிரிவைச் செருகித் தன் சட்டங்களுக்கு விலக்கு வாங்கிக்கொண்டது. 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவால் பழைய சட்டங்கள் பிழைக்காது என்றது. நிலம் கொடுத்தவர்கள் ஜெயித்தார்கள்! அதே வருடம் சட்டமன்றம் பழைய சட்டங்களுக்கு உயிர் கொடுத்து, முன்தேதியிட்டு நடைமுறைப்படுத்தியது. 2021-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. ஜெயித்த நிலம் முன்தேதியில் தோற்றுப்போனது.

சொந்தம் என்கிற விஷயத்தில் துப்பாக்கி வைத்திருப்பவர் நம்மைவிடத் தெளிவானவர். காசு கொடுத்து வாங்கியது, ரசீது உண்டு, பூட்டியிருப்பது அவர் வீட்டு பீரோவில். தேர்தல் அறிவித்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு வருகிறார். ஒருவர் மூன்று வைத்துக்கொள்ளலாம் என்றிருந்ததை 2019-இல் இரண்டாக்கினார்கள், மூன்றாவதைத் துறந்தார். சொந்தம் என்பது மற்றவர்கள் ஒத்துக்கொள்கிற வரைக்கும்தான் என்று அவருக்குத் தெரியும். மனை வாங்குகிறவருக்கு மட்டும் அதை யாரும் சொல்வதில்லை.

பட்டாவே இல்லாமல் ஆள்கிறவர்களையும் பாருங்கள். இங்கிருந்து வெகு தூரமில்லை, பழவேற்காடு. ஏரியில் எந்த மீனவர் பெயரிலும் பட்டா கிடையாது. 'பாடு' என்ற முறைப்படி எந்த இடத்தில் எவர் என்றைக்கு வலை விடலாம் என்று ஊர்கூடிச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்கிறார்கள். அந்தச் சீட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களும் உண்டு, அது தனி வழக்கு. ஆனாலும் ஏரியை 'என்னுடையது' என்று சொல்லாமலே தலைமுறைகளாக அதை ஆண்டுவந்திருக்கிறார்கள்.

அடுத்த முறை மேடையில் யாராவது இந்த வசனத்தை ஆரம்பித்தால் ஒன்று மட்டும் கேளுங்கள்: யாராலும் பறிக்க முடியாத சொத்தை நீங்கள் ஏன் ஐயா சதுர அடிக் கணக்கில் விற்றுக்கொண்டிருக்கிறீர்கள்?