கால்வெஸ்டனுக்கு 2½ வருஷம், கல்வராயன் மலைக்கு 29 வருஷம்

பொட்டி தட்டுற ஜனங்களுக்கு ஜூன் 19 ரொம்ப நல்ல நாள். அமெரிக்க கிளையண்டுக்கு லீவு, ராத்திரி கால் கிடையாது, ஆணியும் கம்மி. ஜூன்டீன்த் என்று பெயர். 2021-ல் பைடன் கையெழுத்துப் போட்டு தேசிய விடுமுறை ஆக்கினார். அதற்கப்புறம் நம்ம ஹெச்.ஆர். மக்களும் வருஷா வருஷம் சுதந்திரம், சமத்துவம் என்று கலர் கலராய் ஒரு மெயில் தட்டிவிடுகிறார்கள்.

2024 ஜூன் 19-க்கும் அந்த மெயில் வந்தது. அதே நாளில்தான் எங்க ஊர் கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்தில், மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் வரிசையாய் செத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கணக்கு அறுபதைத் தாண்டியது. பெரும்பாலும் தினக்கூலிகள். நான் வீட்டுக்கு போன் மேல போன் போட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்து சீட் நண்பர் சொன்னார்: "உங்க ஊரு மலைல இதானே மச்சி பொழப்பு. அவனுங்க திருந்தவே மாட்டானுங்க." சும்மா சொல்லக்கூடாது, நண்பர் நல்லவர். லிங்கன் படத்தை மூணு தடவை பார்த்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி மணிக்கணக்காய்ப் பேசுவார். அவர் சொன்ன அதே வரியை அந்த வாரம் நாலைந்து சக பதிவர்களும் எழுதியிருந்தார்கள். அதனால இந்தப் பதிவு. நீளமா இருக்கும், டீ சொல்லிட்டு வாங்க.

முதல்ல கெமிஸ்ட்ரி. மெத்தனால் ஊறல் போட்டு மலையில் காய்ச்சுற சரக்கு இல்லை. அது தொழிற்சாலை ரசாயனம், பேரலில் வருவது, வாங்க லைசென்ஸ் வேண்டும். கல்வராயன் மலையில் யாருமே சாராயம் காய்ச்சவில்லை என்று நான் சொல்லவில்லை. காய்ச்சுகிறார்கள், போலீஸும் ஊறலை அழித்துக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் கருணாபுரத்தில் ஆளைக் கொன்றது சமவெளி வழியாய், சமவெளி ஆட்கள் கைமாற்றி வந்த விஷம். உடனே எல்லாரும் தலையைத் தூக்கி மலையைப் பார்த்தார்கள் பாருங்க, அதைத்தான் பேசணும்.

ஜூன்டீன்த் கதை உங்களுக்குத் தெரியும். லிங்கன் 1863 ஜனவரி 1 அன்றே விடுதலைப் பிரகடனம் போட்டாச்சு. டெக்சாஸில் இருந்த சுமார் 2,50,000 அடிமைகளுக்கு யாரும் அமல்படுத்தவில்லை. 1865 ஜூன் 19-ல் ஜெனரல் கிரேஞ்சர் படையோடு கால்வெஸ்டன் வந்து உத்தரவை அறிவித்த பிறகுதான் விடுதலை. 2½ வருஷம் லேட். அந்தத் தாமதத்தை நினைத்துத்தான் இன்றைக்கும் கொண்டாட்டமும் கோபமும்.

இப்ப கேள்வி. 1947 ஆகஸ்ட் 15 கல்வராயன் மலைக்கு எப்ப போய்ச் சேர்ந்தது?

1976.

டைப்போ இல்லீங்க. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறு. அதுவரைக்கும் அந்த மலை ஜாகீர். சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்று பரம்பரை ஜாகீர்தார்கள். கிருஷ்ணதேவராயர் கொடுத்த பட்டயம் என்பார்கள். வெள்ளைக்காரனும் அதை அப்படியே விட்டுவைத்தான், வரி வசூலிக்க மலை ஏறுகிற வேலை மிச்சம். 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1963-ல் இனாம் ஒழிப்புச் சட்டம் வந்தது. கள்ளக்குறிச்சியிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நிற்கிற மலையில் ஜாகீர் முடிவுக்கு வந்தது 1976-ல், அதுவும் எமர்ஜென்சி நடுவில். நாடே சுதந்திரத்தைத் தொலைத்திருந்த நேரத்தில் இவர்களுக்குக் கிடைத்தது. இந்த நகைமுரணை நான் கதையில் எழுதியிருந்தால் ஓவர் என்பீர்கள்.

யார் இந்த ஜனங்கள்? மலையாளிகள். உடனே கேரளா, சேட்டன் என்று போய்விடாதீர்கள். மலையை ஆள்கிற மலையாளி, பேச்சு தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்றும், அண்ணன் தம்பி மூன்று பேர் கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் என்று பிரிந்து போனார்கள் என்றும் அவர்களே கதை சொல்வார்கள். கரிராமன் சாமி. சாமை, தினை, இப்போது மரவள்ளி. எங்க ஊர் வாரச்சந்தைக்கு கடுக்காயும் புளியும் தேனும் சுமந்து வருவார்கள். எங்க தாத்தா கடையில் அவர்களுக்குத் தனிக் கணக்கு நோட்டு உண்டு. கடனை விளைச்சலில் கழிக்கணும், விலையைத் தாத்தா சொல்வார். அது போகட்டும்.

மேலே நிலத்தை அளந்து வரி போடுகிற வழக்கம் இல்லை. ஏருக்கு இவ்வளவு, கொத்துக்கு இவ்வளவு. அதாவது நிலம் உன்னுடையது என்று எந்தக் காகிதமும் இல்லை, உன் கையில் இருக்கிற கருவிக்கு வரி. அதற்கு மேல் வெட்டி. ஜாகீர்தாருக்குக் கூலியில்லாமல் உழுது, சுமந்து, வீடு கட்டிக் கொடுக்கணும். நாம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது "மச்சி வெட்டியா இருக்கேன்" என்கிறோமே, அந்த வார்த்தைதான். சோழர் கல்வெட்டிலேயே வெட்டி உண்டு. கூலியில்லாக் கட்டாய உழைப்பு என்று பொருள். வேலையே இல்லாதவனைக் குறிக்கிற சொல்லாய் அது எப்படித் திரும்பியது என்று மொழி தெரிந்த பதிவர் யாராவது எழுதினால் புண்ணியமாப் போகும்.

"அதுக்காக அடிமைன்னு சொல்றது ஓவர், அங்கே யாரையும் ஏலம் விடலையே" என்று கிளம்பி வருவீர்கள் என்று தெரியும். சரிதான், ஏலம் விடவில்லை. 1860 கணக்குப்படி அமெரிக்காவில் 39 லட்சத்துக்கு மேல் அடிமைகள், நியூ ஆர்லியன்ஸ் சந்தையில் ஆளுக்கு விலை. கல்வராயன் மலையில் அப்படி நடக்கவில்லை. (கீழே, நம்ம சமவெளியில், நிலத்தோடு சேர்த்துப் பண்ணையாளை எழுதிக்கொடுத்த பத்திரங்கள் உண்டு. 1843-ல் ஐந்தாம் சட்டம் வரைக்கும் அதைக் கோர்ட்டும் மதித்தது. அது தனிப் பதிவு.) மலைக்காரருக்கு நேர் ஒப்பீடு தோட்டத்து அடிமை இல்லை. விடுதலை கிடைத்து, நிலம் கிடைக்காமல் போன ஆள்.

அமெரிக்கா மேற்கே போன கதையை இந்தக் கண்ணோடு ஒரு தடவை பாருங்க. 1830-ல் இந்தியர் வெளியேற்றச் சட்டம். 1838-39-ல் செரோக்கி ஜனங்களை நடக்கவைத்தே துரத்தினார்கள், வழியில் சுமார் 4,000 பேர் செத்தார்கள். இப்படிக் காலி செய்த தெற்கு நிலமெல்லாம் பருத்திக்காடு ஆச்சு. பருத்திக்கு ஆள் வேணும், அதனால் வர்ஜீனியா பக்கத்திலிருந்து லட்சக்கணக்கில் அடிமைகளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள், நடத்தியும் படகிலும், கடைசியில் ரயிலிலும். 1862-ல் ஹோம்ஸ்டெட் சட்டம்: ஐந்து வருஷம் உழுதால் 160 ஏக்கர் உனக்கு. விடுதலையான கறுப்பர்களுக்கு? 1865 ஜனவரியில் ஜெனரல் ஷெர்மன் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை என்று உத்தரவு போட்டார். அதே வருஷம் ஜனாதிபதி ஜான்சன் அதைப் பிடுங்கிப் பழைய முதலாளிகளிடமே கொடுத்துவிட்டார். அப்புறம் என்ன, அதே நிலத்தில் வாரத்துக்கு உழுது, அதே ஆளிடம் கடன்பட்டு, அடுத்த 80 வருஷம்.

1976-க்குப் பிறகு கல்வராயனில் என்ன நடந்தது? ஜாகீர்தார் போனார், வனத்துறை வந்தது. தலைமுறை தலைமுறையாய் உழுத புனக்காடு திடீரென்று காடு. உழுகிறவன் ஆக்கிரமிப்பாளன். விறகு எடுத்தால் கேஸ், ஆடு மேய்த்தால் கேஸ். ஹோம்ஸ்டெட் கணக்கில் ஐந்து வருஷம் உழுதவனுக்கு 160 ஏக்கர். ஐந்நூறு வருஷம் உழுததாய்ச் சொல்லிக்கொள்கிறவனுக்குப் பட்டா இல்லை.

2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தது. 2005 டிசம்பர் 13-க்கு முன்னாலிருந்து அந்த நிலத்தில் இருக்கும் பழங்குடிக்கு உரிமை கொடு என்று பார்லிமெண்டே சொன்னது. தமிழ்நாட்டில் 2008-ல் உயர் நீதிமன்ற உத்தரவு ஒன்றால் பட்டா கொடுப்பது நின்றது, 2016-ல்தான் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. 8 வருஷம். நம்மிடம் டெலிவரி 8 நாள் தள்ளிப்போனால் எஸ்கலேஷன் மெயில் எங்கே வரைக்கும் போகும் என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்தது ரோடு. "ரோடு போட்டாச்சுல்ல, பஸ் போகுதுல்ல, முன்னேற வேண்டியதுதானே" என்பது நண்பரின் அடுத்த டயலாக். ரோடு என்றாலே முன்னேற்றம் என்ற நம்பிக்கை நமக்கு அமெரிக்காவிலிருந்துதான் வந்ததோ என்னவோ. 1869 மே 10-ல் ப்ரோமாண்டரியில் இரண்டு ரயில் பாதையும் சேர்ந்த போட்டோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மலையைக் குடைந்த சீனத் தொழிலாளிகள் ஆயிரக்கணக்கில். பாதையின் இரண்டு பக்கமும் கம்பெனிக்குத் தானமாய்ப் போன நிலம் யாருடையது என்பதும் போட்டோவில் தெரியாது. ரோடு இரண்டு பக்கமும் போகும் சாமிகளா. யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள் என்று பார்க்கணும்.

கல்வராயனில் ஏறுவது ஏஜெண்டு. இறங்குவது ஆள். முன்பணம் கொடுத்து வேனில் ஏற்றி, கேரளாவுக்கு மிளகு பறிக்க, குடகுக்குக் காப்பித் தோட்டத்துக்கு, இன்னும் எங்கெங்கோ. வெட்டியில் கூலி கிடையாது. இதில் கூலி முன்னாலேயே கொடுத்தாச்சு, அதனால் கழியும் வரை திரும்ப முடியாது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் அதே 1976-தான். என்ன பொருத்தம்!

ரொம்ப மோசமான வண்டி ஆந்திராவுக்குப் போவது. செம்மரம் வெட்ட. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் சுட்டு 20 தமிழ்நாட்டுக் கூலிகள் செத்தார்கள், அதில் மலையாளிகள் பலர். 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து பிணம் மிதந்தது. ஐந்து பேரும் கல்வராயன் மலையின் சேலம் பக்கத்து ஆட்கள், கருமந்துறை ஏரியா. வெட்டச் சொன்னவன், கடத்துகிறவன், கப்பலில் ஏற்றுகிறவன் யாரும் ஏரியில் மிதக்கவில்லை. உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு தென் மாநிலங்களில் வேலையில்லாமல் திரிவதே குற்றம் என்று சட்டம் போட்டு, பிடித்த கறுப்பர்களை ரயில் பாதை போடவும் சுரங்கத்துக்கும் வாடகைக்கு விட்டார்களே, அந்த அத்தியாயத்தை நண்பர் படித்திருக்கிறார். கேட்டால் கண் கலங்குவார். ஒண்டிமிட்டா எங்கே இருக்கு என்று கேட்டால் கூகுள் மேப்பைத் திறக்கிறார்.

இன்னொன்று, இதே மலையாளி ஜனங்கள்தான் வாச்சாத்தியிலும். சித்தேரி மலை அடிவாரம், 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து ஊருக்குள் புகுந்தது. 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், அதில் 54 பேர் தீர்ப்புக்கு முன்னாலேயே செத்துப்போனார்கள், மீதி 215 பேருக்கும் 2011-ல் தண்டனை. 2023-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 31 வருஷம் விடாமல் நின்று ஜெயித்த ஜனங்களைத்தான் "திருந்தவே மாட்டானுங்க" என்கிறோம்.

கருணாபுரத்துக்குப் பிறகு ஒரு நல்லது நடந்தது. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து கல்வராயன் மலை ஜனங்களின் நிலைமையை வழக்காய் எடுத்தது. ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று ஒவ்வொன்றாய் அரசைக் கேட்டது. அறுபது பிணம் விழுந்த பிறகு, அதுவும் கீழே விழுந்த பிறகு, மேலே என்ன இருக்கு என்று கேட்டோம்.

சரி, இதற்குப் பதிவு எழுதி என்ன கிழிக்கப் போறே என்பீர்கள். ஒரு வேலை இருக்கு. வன உரிமைச் சட்டத்தின் விதி 13-ஐப் படித்துப் பாருங்கள். நிலத்தில் இருந்ததற்கு என்னென்ன ஆதாரம் செல்லும் என்று பட்டியல் இருக்கிறது. சமஸ்தானம் மாதிரியான பழைய இடைத்தரகர்கள் வைத்திருந்த ஆவணமும் செல்லும். ஜாகீர்தாருக்கு ஏர்வரி கட்டின ரசீது எந்தப் பானைக்குள்ளாவது கிடந்தால் அது ஆதாரம். ரசீதே இல்லையென்றால், ஊர்ப் பெரியவர் வாயால் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் ஆதாரம். சொல்கிறவர் மனு போட்டவராக இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

1976-ல் இருபது வயசு ஆனவருக்கு இன்றைக்கு எழுபது. வெட்டிக்குப் போனதை நேரில் சொல்லக்கூடிய ஆட்கள் வருஷத்துக்கு வருஷம் குறைகிறார்கள். நம்மிடம் தமிழ் தட்டத் தெரிந்த கை இருக்கிறது, சனி ஞாயிறு இருக்கிறது. நான் அடுத்த மாசம் இரண்டாவது சனிக்கிழமை போகிறேன், அங்கே வேலை செய்கிற நண்பர்களிடம் பேசியாச்சு. வருகிறவர்கள் பின்னூட்டத்தில் கை தூக்குங்கள். மேகம் அருவிக்குக் குளிக்க மட்டும் வருகிறவர்கள் வேண்டாம். கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பஸ் ஏறணும், கச்சிராயபாளையம் தாண்டினதும் மலை ஆரம்பிக்கும்.