40 வருஷப் பழைய ராணுவ டிரக்கை வீட்டு வாசலிலேயே ரிப்பேர் பண்ண முடியுது... நம்ம புது ஸ்கூட்டரை ஏன் முடியலை?

போன மாதம் என் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பாதி வழியில் நின்றுவிட்டது. டிஸ்ப்ளேவில் ஒரு எரர் கோட். அதற்கு என்ன அர்த்தம் என்று மேனுவலைப் புரட்டினால், 'சர்வீஸ் சென்டரைத் தொடர்புகொள்ளவும்' என்று ஒரே ஒரு வரி. தெருமுனை மெக்கானிக் அண்ணனிடம் தள்ளிக்கொண்டு போனேன். சீட்டைத் தூக்கிப் பார்த்தவர், "இதைக் கம்பெனி லேப்டாப்ல மாட்டினாத்தான் தெரியும். நான் கை வச்சா உங்க வாரண்டி போயிடும்" என்று கையை விரித்துவிட்டார்.

சர்வீஸ் சென்டரில் 11 நாள் நின்றது வண்டி. கடைசியில் பிரச்சினை என்ன தெரியுமா? பச்சை பூத்துப்போன ஒரு கனெக்டர். அவ்வளவுதான்.

அந்த 11 நாளில்தான் அமெரிக்க ராணுவத்தின் பழைய டீசல் டிரக்குகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். ஸ்கூட்டர் கடுப்பில் தொடங்கியது, கொஞ்சம் பொறாமையில் போய் முடிந்தது.

எந்த டிரக்?

1980-களின் நடுவில் அமெரிக்க ராணுவத்துக்காக ஜெனரல் மோட்டார்ஸ் தயாரித்த 'சி.யு.சி.வி' வரிசை. கடையில் விற்ற ஷெவர்லே பிக்கப்பையே எடுத்து, ராணுவத் தேவைக்கு மாற்றிக் கொடுத்தார்கள். எம்1008 என்பது சரக்கு பிக்கப், எம்1009 ஜீப் மாதிரி சின்ன வண்டி, எம்1010 ஆம்புலன்ஸ். எல்லாவற்றிலும் 6.2 லிட்டர் வி8 டீசல் எஞ்சின். ராணுவம் கழித்துவிட்ட வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. விவசாயிகள், கிராமத்துத் தீயணைப்புக் குழுக்கள், பழைய வண்டிப் பிரியர்கள் என்று பலர் கைக்குப் போய், இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இதன் எலெக்ட்ரிக்கல் அமைப்பு ஒரு விசித்திரம். ராணுவ வண்டிகளின் பொது வழக்கம் 24 வோல்ட். வோல்டேஜ் இரண்டு மடங்கு ஆனால், அதே சக்திக்குக் கரன்ட் பாதி போதும். குளிரில் டீசல் எஞ்சினைச் சுற்ற செல்ஃப் மோட்டாருக்கு அது வசதி. பேட்டரி இறங்கிப்போன வண்டிக்குப் பக்கத்து ராணுவ வண்டியிலிருந்து கேபிள் போட்டு உயிர் கொடுக்கவும் முடியும். ஆனால் ஷெவர்லேயின் விளக்கு, வைப்பர், ஹார்ன் எல்லாம் 12 வோல்ட். அதனால் இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்து, இரண்டு ஆல்டர்னேட்டர் வைத்து, செல்ஃபுக்கு 24, மற்றதுக்கு 12 என்று பிரித்தார்கள்.

விளைவு? ஒரு ஆல்டர்னேட்டர் செத்துப்போனாலும் விளக்கெல்லாம் ஜம்மென்று எரியும். எல்லாம் சரியாக இருக்கிற மாதிரியே தெரியும். சில நாள் கழித்துத்தான் செல்ஃப் திணறும். இதைத் தெரிந்துகொள்ளத்தான் டேஷ்போர்டில் 'ஜென் 1', 'ஜென் 2' என்று தனித்தனி எச்சரிக்கை விளக்குகள் இருக்கின்றன.

வண்டி ஸ்டார்ட் ஆகலையா? வரிசையாகப் பாருங்கள்

இந்த வண்டியில் கோளாறு தேடுவது ஒரு துப்பறியும் கதை மாதிரி. தேவை 3 பொருள்: மல்டிமீட்டர், டெஸ்ட் லாம்ப், பொறுமை.

*செல்ஃப் சுற்றவே இல்லை:* இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து 25 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகத் தனியே அளக்க வேண்டும். தொடர் இணைப்பில் ஒரு பேட்டரி டவுன் ஆனால் மற்றதும் சேர்ந்து பாழாகும். அடுத்து எர்த். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயரில்தான் கோளாறு. பழைய வண்டியில் பாதிப் பிரச்சினை துருப்பிடித்த எர்த் போல்ட்டிலும் தளர்ந்த டெர்மினலிலும்தான் இருக்கும்.

*செல்ஃப் சுற்றுது, எஞ்சின் பிடிக்கலை:* சைலன்சரைப் பாருங்கள். புகையே வரவில்லை என்றால் டீசல் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. இந்த ஒரு வித்தியாசம் உங்கள் வேலையைப் பாதியாகக் குறைத்துவிடும்.

டீசல் போகவில்லையா? இன்ஜெக்‌ஷன் பம்பின் மேல் ஒரு சின்ன ஷட்-ஆஃப் சோலினாய்டு இருக்கும். சாவியை ஆன் செய்துவிட்டு அதன் ஒயரைக் கழற்றி மாட்டினால் 'டக்' என்று சத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் ஒயரில் கரன்ட் இருக்கிறதா என்று டெஸ்ட் லாம்ப் சொல்லிவிடும். சத்தம் வருகிறது, ஆனாலும் டீசல் இல்லை என்றால், லைனில் ஏர் பிடித்திருக்கலாம். ரிட்டர்ன் லைனில் ஒரு துண்டு கண்ணாடி ஹோஸ் மாட்டினால் குமிழி வருவது கண்ணுக்கே தெரியும்.

8 பிளக்கும் ஒரு சங்கிலியும்

வெள்ளைப் புகை என்றால் சந்தேகம் முதலில் குளோ பிளக் மேல். நம்ம ஒர்க்‌ஷாப் பாஷையில் ஹீட்டர் பிளக். சிலிண்டருக்கு ஒன்று வீதம் 8 இருக்கும். ஒயரைக் கழற்றிவிட்டு, டெஸ்ட் லாம்பின் ஒரு முனையை 12 வோல்ட் பாசிட்டிவிலும் மற்றதை பிளக்கிலும் வைத்தால், நல்ல பிளக் விளக்கை எரிய வைக்கும்.

சுவாரசியம் இனிமேல்தான். இந்த பிளக்குகளுக்கு 24 வோல்ட் வருகிறது; நடுவில் இருக்கும் ரெசிஸ்டர் அதைக் குறைத்துக் கொடுக்கிறது. ரெசிஸ்டர் எவ்வளவு குறைக்கும் என்பது அதன் வழியாகப் போகும் கரன்ட்டைப் பொறுத்தது. ரெண்டு பிளக் போய்விட்டால் மொத்தக் கரன்ட் குறையும். கரன்ட் குறைந்தால் ரெசிஸ்டரில் விழும் வோல்டேஜும் குறையும். மிச்சம் இருக்கும் 6 பிளக்குக்கு அளவுக்கு மீறிய வோல்டேஜ் போய்ச் சேரும். அவையும் சீக்கிரம் கருகும். அதிகமாகச் சூடான பிளக்கின் முனை உப்பிவிடும். கழற்றும்போது உடைந்து எஞ்சினுக்குள் விழுகிற ஆபத்தும் உண்டு.

அதனால் போன பிளக்கை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பவர் மாற்றிக்கொண்டேதான் இருப்பார். பள்ளி இயற்பியலில் படித்த ஓம் விதி தெரிந்தவர், ரெசிஸ்டரையே தூக்கிவிட்டு நேராக 12 வோல்ட் கொடுக்கிறார். பல உரிமையாளர்கள் செய்திருப்பது இதைத்தான்.

ரகசியம் இரும்பில் இல்லை, புத்தகத்தில்

இதையெல்லாம் ஒரு சாதாரண ஆள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்? ராணுவம் எழுதி வைத்த டெக்னிக்கல் மேனுவல் மூலமாக. இந்த வண்டிக்கான 9-2320-289 வரிசை மேனுவலில் டிரைவருக்கு ஒன்று, யூனிட் மெக்கானிக்குக்கு ஒன்று, பெரிய ஒர்க்‌ஷாப்புக்கு ஒன்று என்று தனித்தனிப் பகுதிகள். கோளாறு என்ன, எதைச் சோதிக்க வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று அட்டவணை. ஒயரிங் படம் முழுசாக இருக்கிறது. இன்று யார் வேண்டுமானாலும் தேடி எடுத்துப் படிக்கலாம்.

இன்னொரு படி மேலே போனார்கள். 1951-ல் 'பி.எஸ்' என்று ஒரு மாதப் பத்திரிகை தொடங்கினார்கள். வண்டிப் பராமரிப்பைச் சொல்லிக் கொடுக்கும் காமிக்ஸ்! அதை வரைந்தவர் வில் ஐஸ்னர். காமிக்ஸ் உலகின் ஐஸ்னர் விருது இவர் பெயரில்தான். 20 வயதுச் சிப்பாய் தடிப் புத்தகத்தைப் படிக்க மாட்டான் என்று தெரிந்து, அவனுக்குப் புரிகிற மொழியில் சொல்ல மெனக்கெட்டிருக்கிறார்கள். எங்கேயோ ஒரு காட்டில் வண்டி நின்றால், கம்பெனி ஆள் வரும்வரை காத்திருக்க முடியாது இல்லையா?

'பழசுதான் பெஸ்ட்'னு சொல்ல வரலை

பழைய வண்டிகளைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டாம். அதே ராணுவத்தின் எம்35ஏ2 டிரக்கில் பிரேக்குக்கு ஒரே ஒரு ஹைட்ராலிக் சர்க்யூட்தான். ஒரு சக்கரத்தில் சீல் போனால் மொத்த பிரேக்கும் போகும். இன்றைய வண்டியில் அப்படி இல்லை. புகை, மைலேஜ், பாதுகாப்பு என எதை எடுத்தாலும் புதுசு முன்னேறியிருக்கிறது.

எரர் கோடும் கெட்டது இல்லை. சொல்லப்போனால், அரை நாள் டெஸ்ட் லாம்ப் பிடிக்கிற வேலையை ஒரு நொடியில் செய்கிறது. அந்தக் கோடுக்கு அர்த்தம் ஒரே ஒருத்தரிடம் மட்டும் இருப்பதுதான் பிரச்சினை. தகவலைப் பூட்டி வைக்கச் சொன்னது தொழில்நுட்பம் அல்ல. அது ஒரு வியாபார முடிவு.

நமக்கு என்ன?

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அவ்வளவு மேனுவல் எழுதிய அமெரிக்க ராணுவமே இன்று நம்ம நிலைமையில் நிற்கிறது. புதிய ஆயுதங்கள், வண்டிகள் பலவற்றைத் தானே ரிப்பேர் செய்யத் தேவையான தகவல் அதனிடம் இல்லை. 2025 ஏப்ரல் 30-ம் தேதி வந்த உத்தரவில், ராணுவ ஒப்பந்தங்களில் ரிப்பேர் உரிமையைச் சேர்க்கச் சொல்ல வேண்டியிருந்தது.

இந்தியாவில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ரிப்பேர் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், மொபைல் போன்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று 4 துறைகளைக் குறித்தார்கள். ஒரு இணையதளமும் வந்தது. நல்ல தொடக்கம்தான். ஆனால் நிறுவனங்கள் விருப்பப்பட்டுத் தருகிற தகவல் மட்டும் போதாது. வண்டியை விற்பவர் ஒயரிங் படத்தையும் எரர் கோடு பட்டியலையும் வெளியிட வேண்டும் என்று சட்டமே சொல்ல வேண்டும். வெளியில் ரிப்பேர் செய்தாலே வாரண்டி போய்விடும் என்கிற பயம் போக வேண்டும்.

ஏனென்றால் இது என் 11 நாள் கதை மட்டும் இல்லை. எங்கள் தெருமுனை அண்ணனுக்கு 25 வருஷ அனுபவம். மல்டிமீட்டர் அவரிடமும் இருக்கிறது. பச்சை பூத்த கனெக்டரை அவர் 10 நிமிஷத்தில் கண்டுபிடித்திருப்பார், எங்கே பார்க்க வேண்டும் என்று யாராவது ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தால். எலெக்ட்ரிக் வண்டிகள் பெருகப் பெருக அவர் கடைக்கு வேலை குறைந்துகொண்டே வருகிறது. அவருக்கு வேலை தெரியாமல் இல்லை, தெரிந்துகொள்ள யாரும் விடவில்லை.

அடுத்த முறை வண்டி வாங்கும்போது மைலேஜ், ரேஞ்ச், டச் ஸ்கிரீன் எல்லாம் கேளுங்கள். கூடவே ஒரு கேள்வி: "இதோட சர்வீஸ் மேனுவல் கிடைக்குமா?" ஷோரூமில் முழிப்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள்.