ரோமும் டெல்லியும் நடுவில் நாங்களும்

ஆயரை நியமிப்பது போப்பா, பேரரசரா என்று ஐரோப்பாவில் ஒரு தலைமுறைக்கும் மேல் சண்டை நடந்தது. அன்றைய ஆயர் ஜெபம் மட்டும் செய்பவர் அல்ல. நிலமும் வரியும் படையாட்களும் அவர் கையில் இருந்தன. போப் ஏழாம் கிரகோரியார் சபையைவிட்டு விலக்கியதும், 1077 ஜனவரியில் நான்காம் ஹென்றி கனோசா கோட்டை வாசலில் மூன்று நாள் குளிரில் நின்று மன்னிப்புக் கேட்டார். 1122இல் வோர்ம்ஸ் நகரில் ஓர் உடன்படிக்கை வந்தது. மோதிரமும் கோலும் திருச்சபைக்கு, நிலத்துக்கான செங்கோல் பேரரசருக்கு. அந்த நிலத்தில் உழுதவர்களை இரு தரப்புமே கேட்கவில்லை.

இது நமக்குத் தூரத்துக் கதை அல்ல, தோழர்களே. தமிழ்நாட்டிலும் இதே சண்டை நடந்தது. இங்கே பேரரசர் இடத்தில் போர்ச்சுகல் ராஜா. கிழக்கு நாடுகளில் ஆயர்களை முன்மொழியும் உரிமை பத்ரோவாதோ என்ற பெயரில் அவருக்கு இருந்தது. 1622இல் ரோம் தனியாக ஒரு வேதபரப்புச் சபையைத் தொடங்கியது. 1838இல் பதினாறாம் கிரகோரியார் மயிலாப்பூர், கொச்சி முதலிய இடங்களில் போர்ச்சுகலின் அதிகாரத்தை ரத்து செய்தார். கோவாக் குருக்கள் அதை ஏற்கவில்லை. 1886 ஒப்பந்தம் வரை, ஒரே கோயிலின் சாவிக்கு இரண்டு தரப்புச் சாமியார்கள் மல்லுக்கு நின்றார்கள்.

அந்தக் கோயிலுக்குள் நம்மவர்கள் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதுதான் எங்கள் கேள்வி.

1704இல் போப்பின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் ஓர் ஆணை போட்டார். அதில் ஒரு விதி, சாகக் கிடக்கும் பறையர் வீட்டுக்குச் சாமியார் நேரில் போய்த் திருவருட்சாதனம் கொடுக்க வேண்டும் என்பது. இதற்கு ஓர் ஆணை தேவைப்பட்டது என்றால் அதுவரை நடந்தது என்ன என்று புரிந்துகொள்ளலாம். நாற்பது வருடம் இழுபறி. 1744இல் பதினான்காம் பெனடிக்ட் அதை உறுதிசெய்தார், ஆனால் பறையருக்கென்று தனிக் குருக்களை வைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டையும் ஏற்றார். தனிக் குவளை தெரியும். இது தனிச் சாமியார்!

இரண்டு அதிகாரங்கள் மோதும்போது ஆதிக்கச் சாதிக்கு அது வசதி. இந்தச் சாமியார் சமமாக உட்காரச் சொன்னால் அந்தச் சாமியாரிடம் போய்விடலாம். ஆளை இழக்க இருவருக்கும் பயம். வடக்கன்குளத்தில் வெள்ளாளரையும் நாடார் உள்ளிட்ட மற்றவர்களையும் பிரித்துக் கோயிலுக்குள் நின்ற சுவர் 1910இல்தான் இடிந்தது. அதை எதிர்த்து சென்னை உயர்நீதிமன்றம் வரை போனார்கள், தோற்றார்கள். அந்த வழக்கில் சபையும் நீதிமன்றமும் ஒரே பக்கம் நின்றன. அப்படி நின்றது அபூர்வம்.

இன்று சண்டை தலைகீழாகிவிட்டது. அன்று இருவரும் "எனக்குத்தான் அதிகாரம்" என்றார்கள். இன்று இருவரும் "எனக்குப் பொறுப்பில்லை" என்கிறார்கள். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்று கட்டியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவ, முஸ்லிம் தலித்துகள் வெளியே. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்தப் பத்தியை நீக்கச் சொன்னது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம். 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. உங்கள் மதத்தில் சாதி இல்லையே என்கிறது அரசு. சாதி இருக்கிறதென்று ஆயர்கள் வாயாலேயே சொல்கிறார்கள். 2003இல் போப் இரண்டாம் ஜான் பால் தமிழக ஆயர்களிடமே சாதிப் பாகுபாட்டைக் கண்டித்தார். ஆனால் ஆயர் நியமனம் என்று வந்தால், அது ரோமின் முடிவு என்று கையை விரிக்கிறார்கள். இந்தியாவிலிருந்து முதல் தலித் கர்தினால் அந்தோணி பூலா வர 2022 ஆக வேண்டியிருந்தது.

தேவாரம் பக்கமிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு ஏறும் பெண்களிடம் கேளுங்கள். ஒரே தெரு, ஒரே கூலி, ஒரே வசவு. ஒருத்தி பிள்ளைக்கு எஸ்.சி. சான்றிதழ், ஞானஸ்நானம் வாங்கியவள் பிள்ளைக்கு பி.சி. சான்றிதழ். சாதி சொல்லி அடித்தால் வன்கொடுமைச் சட்டத்தில் புகார் கொடுக்க ஒருத்திக்கு வழி உண்டு, மற்றவளுக்கு இல்லை. அதனால் பள்ளியில் ஒரு பெயர், பூசையில் ஒரு பெயர் என்று பிள்ளைகளை வளர்க்கிறார்கள். அதைப் பொய் என்று திட்டுகிறவர்கள், மூன்றாம் பத்தியை ஒருமுறை எடுத்துப் படித்துவிட்டு வரட்டும். எங்கள் கோரிக்கைகள் இரண்டே. டெல்லி அந்தப் பத்தியை நீக்க வேண்டும். அடுத்த ஆயர் பட்டியல் ரோமுக்குப் போகுமுன், அதில் எத்தனை தலித் குருக்களின் பெயர் இருக்கிறது என்பதைச் சபை வெளியே சொல்ல வேண்டும்.