கடப்பிதழும் தேவாரமும்

இஸ்ரேலைத் தவிர மற்ற எல்லா நாடுகளுக்கும் செல்லுபடியாகும் என்பது நம் மலேசியக் கடப்பிதழில் அச்சாகியிருக்கும் வாசகம். இந்த நாட்டில் பெரும்பாலோருக்கு அதில் மனக்குறை எதுவும் கிடையாது. காஸாவைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு அதன் காரணத்தை யாரும் விளக்க வேண்டியதும் இல்லை. இப்படிப்பட்ட நாட்டில், ஜெருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் வாழ்நாள் முழுக்கப் பாடம் நடத்திய ஒரு யூதர் சுந்தரர் தேவாரத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருக்கிறார், தமிழுக்கு ஒரு வாழ்க்கை வரலாறே எழுதியிருக்கிறார் என்று சொன்னால், ஜொகூரின் சாஆவிலோ லாபிஸிலோ இருக்கும் தமிழ் வாசகர் முகம் சுளிப்பது இயல்புதான். அந்தச் சுளிப்பின் காரணம் நியாயமானது. அது விழுகிற ஆள்தான் தவறு. அந்த யூதரான டேவிட் ஷுல்மனை மலேசியத் தமிழர்கள் படிக்க வேண்டும், படித்துவிட்டு அவரோடு சண்டையும் போட வேண்டும் என்பதே என் கட்சி.

ஷுல்மன் பிறந்தது 1949-இல், அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்து வாட்டர்லூ என்ற ஊரில். 1967-இல், பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு, இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே அவர் முதலில் படித்தது இஸ்லாமிய வரலாறு. பிறகுதான் லண்டனுக்குப் போய், ஜான் மார் என்ற தமிழறிஞரிடம் சைவத் தலபுராணங்களைப் பற்றி ஆராய்ந்து 1976-இல் முனைவரானார். அந்த ஆய்வே 1980-இல் தமிழ்க் கோயில் தொன்மங்கள் பற்றிய நூலாக வெளிவந்தது. சுந்தரர் தேவார மொழிபெயர்ப்பு 1990-இல் வந்தது. வேல்சேரு நாராயண ராவுடன் சேர்ந்து அன்னமய்யா, பெத்தனா போன்ற தெலுங்குக் கவிகளை மொழிபெயர்த்தார். கேரளத்தின் கூடியாட்டத்தையும் விடவில்லை. தமிழின் வாழ்க்கை வரலாறு 2016-இல் வந்தது. தாய்மொழி ஆங்கிலம், தானாகத் தேர்ந்துகொண்ட மொழி எபிரேயம், உழைப்பெல்லாம் தென்னிந்திய மொழிகளில். பிறந்த மண்ணும் பேசும் மொழியும் ஒன்றாக இருந்தே தீர வேண்டியதில்லை என்பதைத் தோட்டத்து லயங்களில் தமிழைக் காப்பாற்றிய பரம்பரைக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இவற்றுள் நமக்கு மிக நெருக்கமானது கோயில் தொன்மங்கள் பற்றிய அந்த முதல் நூல். உ.வே.சாமிநாதையரின் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்களைப் பாடியவர். ஆனால் சங்க நூல்கள் அச்சேறிப் புகழ் பெற்ற பிறகு, தமிழ்ப் புலமை உலகம் தலபுராணங்களைத் திரும்பிப் பார்க்கக்கூட வெட்கப்பட்டது. காலத்தால் பிந்தியவை, கட்டுக்கதை, வடமொழிச் சரக்கு என்று மூலையில் போட்டுவிட்டார்கள். ஷுல்மன் அந்த மூலையிலிருந்தே தொடங்கினார். ஊழி வெள்ளத்தில் சீகாழி மிதந்த கதை, வெட்டுப்பட்ட இலிங்கத்தில் இரத்தம் கசிந்த கதை, போரில் இறங்கிய தேவி பிறகு மணப்பெண்ணாகும் கதை ஆகியவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்து, ஒவ்வோர் ஊரும் தன் மண்ணையே உலகத்தின் நடுவாக நினைத்துக்கொண்ட விதத்தைக் காட்டினார். ஜொகூரின் ரப்பர்த் தோட்டங்களில் பால்மரத்தடியில் கல் நட்டுத் தொடங்கிய முனீஸ்வரன் கோயிலுக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் இப்படித் தலக்கதைகள் உண்டு. தோட்டம் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தபோது, கோயிலுக்கு மாற்று நிலம் கேட்டு மனுப் போட்டவர்கள் உண்டு. கதையை எழுதி வைத்தவர்கள் குறைவு. அந்தக் கதைகளும் ஆராயத் தகுந்தவை என்ற எண்ணம் நமக்கு வர, ஷுல்மனின் நூலைவிட நல்ல தூண்டுதல் கிடைப்பது அரிது.

இனி மறுப்புகளுக்கு வருவோம். அவர் இஸ்ரேலியர், அரசு நிதியில் நடக்கும் பல்கலைக்கழகத்தின் பேராசிரியராக இருந்தவர், அந்நாட்டு இராணுவத்தில் மருத்துவ உதவியாளராகப் பணிபுரிந்தவர், 2016-இல் இஸ்ரேல் பரிசையும் பெற்றவர். இவற்றில் எதையும் மறைக்க வேண்டாம். அந்தப் பரிசை அவர் வாங்காமலே இருந்திருக்கலாம் என்று ஒருவர் சொன்னால் நான் மல்லுக்கு நிற்க மாட்டேன். ஆனால் பரிசுத் தொகையான 75,000 ஷெக்கலையும் அவர் கொடுத்தது தஆயுஷ் என்ற அமைப்புக்கு. யூதர்களும் அரபியரும் சேர்ந்து 2000-இல் தொடங்கிய அமைப்பு அது. மேற்குக் கரையின் தெற்கு ஹெப்ரோன் குன்றுகளில், குடியேறிகளின் அடிக்கும் இராணுவத்தின் விரட்டலுக்கும் நடுவே ஆடு மேய்க்கும் பாலஸ்தீனர்களோடு அதன் தொண்டர்கள் போய் நிற்கிறார்கள். ஷுல்மன் அவர்களில் ஒருவர். அங்கே கண்டதை 2007-இலும் 2018-இலும் இரண்டு நூல்களாக எழுதி, தன் நாட்டின் ஆக்கிரமிப்பை அநீதி என்று பெயர் சொல்லிக் கண்டித்திருக்கிறார். ஓர் அரசைப் புறக்கணிப்பது அரசியல் நடவடிக்கை. அதற்குக் குறி வேண்டும், பலன் வேண்டும். அந்த அரசை உள்ளிருந்தே எதிர்ப்பவரின் தேவார மொழிபெயர்ப்பை நாம் படிக்காமல் விடுவதால் ஹெப்ரோன் குன்றில் ஒரு மேய்ப்பனுக்காவது நன்மை உண்டா?

அந்நியருக்குத் தமிழைப் பற்றிப் பேச என்ன உரிமை என்ற மறுப்பு, சொல்லப்போனால், நம் வாயிலிருந்து வரக் கூடாதது. 1968-இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் வீரமாமுனிவர், கால்டுவெல், போப் மூவருக்கும் சிலை வைத்தோம். மூவரும் மதம் பரப்ப வந்தவர்கள். அவர்களில் இருவருக்குப் பின்னால் ஒரு பேரரசும் இருந்தது. அதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டுத் தமிழுக்குச் செய்ததை மட்டும் எடுத்துக்கொண்டோம். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1966-இல், முதல் மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டிய தனிநாயகம் அடிகள், தமிழாராய்ச்சி உலகத்தார் அனைவருக்கும் உரியது என்ற எண்ணத்தில்தான் பல நாட்டு அறிஞர்களை அழைத்தார். ஷுல்மன் யாரையும் மதம் மாற்ற வரவில்லை.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. தமிழும் வடமொழியும் பகைவர்களாக அல்ல, பிரிக்க முடியாதபடி ஒன்றோடொன்று பின்னி வளர்ந்தன என்று தமிழின் வாழ்க்கை வரலாற்றில் ஷுல்மன் எழுதுகிறார். தனித்தமிழ் இயக்கத்தின் செல்வாக்கில் வளர்ந்த மலேசியத் தமிழருக்கு இது கசக்கும். எனக்கும் இதில் அவரோடு முழு உடன்பாடில்லை. கவிதைக்குள் இரண்டு மொழிகள் கலந்த அழகை அவர் பார்க்கும் அளவுக்கு, அந்தக் கலப்பில் யார் மேலே, யார் கீழே நிறுத்தப்பட்டார்கள் என்பதைப் பார்க்கவில்லை. வடமொழி எதிர்ப்பு வெறும் மொழியியல் வழக்காக இருந்ததில்லை; கோயிலுக்குள்ளும் பள்ளிக்குள்ளும் விடப்படாதவர்களின் கோபமும் அதில் இருந்தது. தவிர, பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் பிந்தைய தமிழுக்கு அந்த நூலில் கடைசி அத்தியாயம் மட்டுமே. கடல் கடந்து போய்க் கங்காணிக்குக் கீழே வளர்ந்த தமிழுக்கு அதில் உரிய இடம் இல்லை என்று ஒரு ஜொகூர் வாசகர் குறைப்பட்டால் மறுக்க முடியாது. ஆனால் இவை நூலைப் படித்தால் மட்டுமே சொல்லக்கூடிய குறைகள்.

அதே நூலில் நமக்கு ஆதரவாக வரும் வாதமும் உண்டு. தமிழ்நாட்டில் நவீனம் என்பது ஆங்கிலேயர் இறக்குமதி செய்த பொருளல்ல. பதினாறாம் நூற்றாண்டிலேயே தென்காசிப் பாண்டியர் காலத்துக் கவிஞர்களிடம் புதிய மனித உணர்வும் புதிய கற்பனையும் பிறந்துவிட்டன என்கிறார் ஷுல்மன். 2012-இல் வந்த, தென்னிந்தியக் கற்பனையின் வரலாறு பற்றிய நூலில் இதற்காக அதிவீரராம பாண்டியரின் நைடதத்தை விரிவாக ஆராய்கிறார். நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அதிவீரராமரைத் தெரியும், செய்யுளும் மொழியணியும் பகுதியில் மனப்பாடம் செய்யும் வெற்றி வேற்கையின் ஆசிரியராக. நீதி சொல்லும் அந்தப் புலவர் நைடதம் என்ற காதல் காப்பியம் எழுதிய கவிஞரும்கூட என்பது பலருக்குத் தெரியாது. ஷுல்மனின் கூற்றை ஏற்பதற்கும் நைடதம் வேண்டும், மறுப்பதற்கும் நைடதம் வேண்டும். நம் பல்கலைக்கழகங்களின் தமிழ் வகுப்புகள் ஒரு பருவத்தை அதற்கு ஒதுக்கி, அவருடைய நூலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்கலாம்.