இரண்டாவது லென்ஸ்: தூரத்தை விடுங்கோ, வெளிச்சத்தை வாங்குங்கோ



இந்தக் கிழமை எபிசோட் முழுக்கப் பழைய கருவிகளைப் பற்றித்தான் கதைச்சனாங்கள். வந்த கேள்விகளில ஒண்டுக்கு மைக்குக்கு முன்னால ரெண்டு நிமிசத்தில மறுமொழி சொல்லி முடிக்க ஏலாது. அதனால அதை இங்க எழுதுறன்.

கேள்வி பெர்கனில இருந்து வந்தது. ஒரு தங்கச்சி பாவிச்ச நிக்கோன் டி5300 ஒண்டை 18–55 கிட் லென்ஸோட வாங்கியிருக்கிறா. அதுதான் அவவின்ர முதல் டிஎஸ்எல்ஆர். அடுத்த லென்ஸுக்கு எண்டு 2000 குரோனர் சேர்த்து வைச்சிருக்கிறா. "55–200 ஸூம் வாங்கவோ அண்ணா? கேட்ட ஆக்கள் எல்லாரும் அதைத்தான் சொல்லினம்" எண்டு எழுதியிருக்கிறா.

என்ர மறுமொழி: வேண்டாம். 35 மிமீ எஃப் 1.8 வாங்குங்கோ. பாவிச்சதா வாங்கினா அந்தக் காசுக்குள்ள தாராளமா வரும்.

எல்லாரும் ஏன் ஸூம் சொல்லினம் எண்டு எனக்கு விளங்குது. 18–55 முடியிற இடத்தில 55–200 தொடங்குது. நடுவில ஓட்டை இல்லை. எங்களைப்போல கணினி படிச்ச ஆக்களுக்கு இப்பிடி எல்லா எண்ணும் நிரம்பியிருந்தா ஒரு நிம்மதி. கடைகளிலயும் ரெண்டு லென்ஸையும் ஒரே பெட்டியில போட்டுத்தான் வித்தவை. ஆனா லென்ஸ் வாங்கிறது அட்டவணை நிரப்பிற வேலை இல்லை. கேக்க வேண்டிய கேள்வி ஒண்டுதான்: இதுவரைக்கும் உங்களால எடுக்க ஏலாமல் போன படம் எது?

பெர்கனில டிசம்பர் மாதம் பகல் ஆறு மணித்தியாலம்கூட இல்லை. எங்கட வாழ்க்கையில முக்கியமான எல்லாம் நடக்கிறது வீட்டுக்குள்ளயும் வாடகை மண்டபத்துக்குள்ளயும்தான். பிறந்தநாள், சாமத்தியவீடு, பொங்கல், குசினியில அம்மா நிக்கிறது, சோபாவில அம்மம்மா இருக்கிறது. உங்கட கமரா தோக்கிறது அங்கதான். தூரத்தில நிக்கிற பறவையிட்ட இல்லை.

கணக்கைப் பாருங்கோ. கிட் லென்ஸை 35 மிமீக்குத் திருப்பினா அது திறக்கக்கூடிய ஆகக்கூடின அப்பர்ச்சர் கிட்டத்தட்ட எஃப் 4.5. ப்ரைம் லென்ஸ் எஃப் 1.8. 4.5ஐ 1.8ஆல பிரிச்சு வாறதை வர்க்கமாக்கினா 6.25. அதே அறை, அதே லைட், ஆனா ஆறு மடங்குக்கு மேல வெளிச்சம் உள்ளுக்க வருது. மங்கின விறாந்தை ஒண்டில ஐஎஸ்ஓ 1600 வைச்சு, கிட் லென்ஸுக்கு 1/20 செக்கன் தேவைப்படுது எண்டு வையுங்கோ. கையை ஆட்டி ஆட்டிக் கதைக்கிற எங்கட ஆக்களை 1/20இல எடுத்தா கை முழுக்கப் புகைதான். எஃப் 1.8இல அதே படத்துக்கு 1/125 போதும். கை கையாவே விழும்.

இல்லாட்டி ஷட்டரை விட்டிட்டு ஐஎஸ்ஓவைக் குறைக்கலாம். வெளிச்சத்தில வாற இரைச்சல் போட்டோன்களின்ர எண்ணிக்கைக்கு வர்க்கமூலமாத்தான் கூடும். அதால 6.25 மடங்கு வெளிச்சம் வந்தா, சிக்னல் இரைச்சலை விட 2.5 மடங்கு முன்னுக்கு நிக்கும். இது எந்த அப்டேட்டும் தர ஏலாத முன்னேற்றம். போனின்ர நைட் மோட் பல படங்களை அடுக்கித்தான் வெளிச்சம் சேர்க்குது. ஆள் அசையாமல் இருந்தா அருமையா வரும். பிள்ளை ஓடினா அந்த வித்தை பெரிசா உதவாது.

"கிட் லென்ஸில விஆர் இருக்குதானே?" எண்டு சிலர் கேப்பினம். அது உங்கட கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும். முன்னால நிக்கிற ஆளின்ர அசைவை எந்த ஸ்டெபிலைசரும் பிடிக்காது. 55–200 வாங்கிக்கொண்டு அரங்கேற்றத்துக்குப் போற ஆக்களுக்கும் இதே பிரச்சினைதான். பின்வரிசையில இருந்து 200 மிமீக்குப் போனா அப்பர்ச்சர் எஃப் 5.6. ஆடுற பிள்ளையை நிறுத்த 1/250 எண்டாலும் வேணும். மிச்சம் எல்லாத்தையும் ஐஎஸ்ஓதான் சுமக்கும்.

அப்ப ஏன் 50 மிமீ இல்லை? யூடியூபில பாதிப்பேர் 50தான் சொல்லினம். அது ஃபுல் ஃப்ரேம் காலத்துப் புத்திமதி. டி5300இன்ர சென்சர் சின்னது, 1.5ஆல பெருக்க வேணும். 50 போட்டா 75 மாதிரிப் பார்க்கும், 35 போட்டா 52 மாதிரி. இதை வீட்டுக் கணக்கில சொல்லுறன். ரெண்டரை மீட்டர் சோபா ஒண்டில குடும்பம் இருக்குது. அந்த அகலத்தை முழுசா எடுக்க 35 மிமீக்கு நாலு மீட்டருக்குக் கிட்டப் பின்னால போக வேணும். 50 மிமீக்கு ஐந்து மீட்டரையும் தாண்ட வேணும். எங்கட ஆக்கள் இருக்கிற எத்தினை பிளாட்டில ஐந்து மீட்டர் பின்னால போகலாம்? சுவர் வந்திடும், இல்லாட்டி பல்கனிக்கு வெளியில நிக்க வேணும்.

35இன்ர மற்ற நன்மை, கிட்டப் போக விடும். 30 சென்டிமீட்டர் வரைக்கும் போக்கஸ் பண்ணும். அம்மம்மாவின்ர கையை மட்டும் எடுக்கலாம், அப்பிடியே எழும்பாமல் முகத்தையும் எடுக்கலாம். ஒண்டு மட்டும் கவனம்: ஒண்டரை மீட்டர் தூரத்தில எஃப் 1.8 வைச்சா தெளிவா விழுற ஆழம் ஏறத்தாழ 13 சென்டிமீட்டர்தான். ஒரு முகத்துக்குக் காணும். ரெண்டு வரிசையா நிக்கிற கூட்டத்துக்குக் காணாது. கூட்டத்துக்கு எஃப் 4க்கு வாங்கோ.

வாங்கேக்க பெயரை வடிவாப் பாருங்கோ. டி3000, டி5000 வரிசை பொடிகளுக்குள்ள போக்கஸ் மோட்டார் இல்லை. "ஏஎஃப்-எஸ்" எண்டு எழுதியிருக்கிற 35ஐ வாங்குங்கோ, 2009இல வந்த டிஎக்ஸ் லென்ஸ் அது. "ஏஎஃப்-டி" எண்டு இருந்தா இந்தப் பொடிகளில கையாலதான் போக்கஸ் பண்ண வேணும். லைட் ஒண்டுக்கு எதிரே பிடிச்சு உள்ளுக்கப் பூஞ்சணம் இருக்கோ எண்டும் பாருங்கோ. கனன் வைச்சிருக்கிற ஆக்களுக்கு இந்த விலையில நேரான ஜோடி இல்லை. சிக்மா 30 மிமீ எஃப் 1.4 பாவிச்சது கிடைச்சா அதை எடுங்கோ. இல்லாட்டி 2015இல வந்த 50 மிமீ எஃப் 1.8 எஸ்டிஎம். முகம் எடுக்க நல்லது, சின்ன அறையில கொஞ்சம் நெருக்கும்.

"டிஎஸ்எல்ஆரே முடியிற காலத்தில லென்ஸ் வாங்கலாமோ?" நியாயமான கேள்விதான். நிக்கோனும் கனனும் 2018இலயே புது மவுண்டுக்குப் போயிட்டினம். அதாலதான் பழையது மலிவு. நாளைக்கு நிக்கோன் இஸட் வாங்கினாலும் எஃப்டிஇஸட் அடாப்டரோட இந்த லென்ஸ் ஓட்டோபோக்கஸோடயே வேலை செய்யும்.

என்னை நம்ப வேண்டாம், உங்கட தரவை நம்புங்கோ. எடுத்த படங்களை எக்சிஃப்டூலுக்குக் குடுத்து ஃபோக்கல் லெங்த், ஷட்டர், ஐஎஸ்ஓ மூண்டையும் ஒரு சிஎஸ்வியில எடுங்கோ. பாதிப் படங்கள் 55இல முட்டி நிக்குது, ஐஎஸ்ஓவும் குறைவு எண்டா, நீங்கள் வெளியில தூரத்தைத்தான் தேடுறீங்கள். தம்பியின்ர ஃபுட்போல் மட்ச், மலை, பறவை. அப்ப ஸூம்தான் சரி, ஒரு சண்டையும் இல்லை. ஆனா ஐஎஸ்ஓ 3200, 6400, ஷட்டர் 1/30 எண்டு வரிசையா வந்தா, உங்களுக்குக் குறையிறது வெளிச்சம். பிறகு ஒரு கிழமை கிட் லென்ஸை 35இல டேப் போட்டு ஒட்டிவிட்டு எடுத்துப் பாருங்கோ. அந்தத் தூரம் பிடிக்கேல்லை எண்டால் காசு மிச்சம்.

கடைசியா, இதை நான் வெறும் கமராக் கதையா நினைக்கேல்லை. இடம்பெயர்ந்து வந்த எங்கட வீடுகளில அம்மப்பா, அப்பம்மாவின்ர இளவயதுப் படம் ஒண்டோ ரெண்டோதான் மிஞ்சியிருக்கும். பல வீடுகளில அதுவும் இல்லை. இப்ப அந்த வயதில இருக்கிறது எங்கட அம்மா அப்பா. அவையை நாங்கள் எடுத்து வைச்சிருக்கிறது மண்டபத்தில வரிசையா நிண்ட படம் மட்டும். புட்டு அவிக்கிற, பேப்பர் பாக்கிற, ஊருக்கு வீடியோ கோலில சத்தமாக் கதைக்கிற படங்களை ஆரும் கூலிக்கு வந்து எடுக்க மாட்டினம். அதை அந்த வீட்டுப் பிள்ளைதான், வீட்டு லைட்டில, ரெண்டு மீட்டர் தூரத்தில இருந்து எடுக்க வேணும்.

பெர்கன் தங்கச்சி, முடிவு உங்கட கையில. சிஎஸ்வியைப் பாத்திட்டு என்ன வந்தது எண்டு எழுதுங்கோ. மற்ற ஆக்களும் உங்கட எண்களை அனுப்புங்கோ, அடுத்த எபிசோட்டில வாசிக்கிறம்.