புழு வளர்க்கும் ஊரில் பூச்சிகள் எங்கே?



சித்திரை பிறந்து ஒரு கோடைமழை பெய்து ஓய்ந்தால், அன்று மாலை ஓசூர்ப் பக்கத்து வீடுகளில் விளக்கேற்றத் தயங்கிய காலம் ஒன்று இருந்தது. ஏற்றிய விளக்கைச் சூழ்ந்து ஈசல் மொய்க்கும். சோற்றுத் தட்டில் விழும். மறுநாள் காலையில் திண்ணையெங்கும் இறகு கிடக்கும். விளக்கை அணைத்துவிட்டு நிலவொளியில் உண்டு எழுந்ததை ஐம்பது வயதைக் கடந்தோர் பலரும் சொல்வர். அந்த ஈசலை வாரி வறுத்துப் பொரியோடு கலந்து தின்றதையும் சிலர் நாணத்தோடு சொல்வர். நாணுவதற்கு அதில் ஒன்றுமில்லை. அதே வயதினர், வேலமரத்தில் பொன்வண்டு பிடித்துத் தீப்பெட்டிக்குள் இலையோடு வைத்து வளர்த்ததையும், மழை நின்ற செம்மண்ணில் செந்நிறப் பட்டுத் துணுக்கென ஊர்ந்த தம்பலப்பூச்சியை உள்ளங்கையில் ஏந்தியதையும் மறந்திருக்கமாட்டார்கள். (எட்டுக் கால் உள்ள தம்பலப்பூச்சி முறைப்படி பூச்சி இனத்தைச் சேர்ந்ததன்று, சங்கப் புலவர்கள் மூதாய் என்றழைத்த சிற்றுயிர் அது.) இன்று பள்ளி செல்லும் பிள்ளைகளிடம் பொன்வண்டைப் பற்றிக் கேட்டால் அவர்களுள் பலர் நம் முகத்தைப் பார்க்கிறார்கள்.

இளமையில் கண்டதெல்லாம் முதுமையில் பெருகித் தோன்றும், ஆகவே இது வெறும் நினைவு மயக்கம் என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான ஐயமே. அதற்கு விடை எண்ணிப் பார்த்தவர்களிடம்தான் உண்டு. ஜெர்மனியின் கிரெஃபெல்டு நகரத்துப் பூச்சி ஆர்வலர் சங்கத்தினர், பாதுகாக்கப்பட்ட 63 இடங்களில் ஒரே வகையான கூடாரப் பொறிகளை அமைத்து, 1989 முதல் 2016 வரை அவற்றில் சிக்கிய பறக்கும் பூச்சிகளை எடை போட்டு வந்தனர். 2017இல் முடிவு வெளியாயிற்று. 27 ஆண்டுகளில் அந்த எடை முக்கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது. அவை வயல்களோ நகரங்களோ அல்ல, இயற்கைக் காப்பிடங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். டென்மார்க் நாட்டில் ஓர் ஆய்வாளர் 1997 முதல் 2017 வரை அதே சாலையில் காரோட்டி, முன்கண்ணாடியில் மோதி மடிந்த பூச்சிகளை எண்ணினார். அங்கே 80 விழுக்காடு வீழ்ச்சி தெரிந்தது. நம் நாட்டில் அத்தகைய நீண்ட காலக் கணக்கு அரிது. எனினும் பெங்களூரிலிருந்து ஓசூர், சூளகிரி வழியாகக் கிருஷ்ணகிரிக்கு இரவில் லாரி ஓட்டும் மூத்த ஓட்டுநர்களைக் கேட்டுப் பாருங்கள். முன்கண்ணாடியைத் துடைப்பதற்கென்றே வண்டியை நிறுத்திய இரவுகளை அவர்கள் அறிவார்கள்.

நிற்க. இந்தச் செய்தியில் நம் பகுதிக்கென்று ஒரு விந்தை உண்டு. ஓசூரும் அதன் சுற்றுப்புறமும் ஒரு பூச்சியைப் பிள்ளையைப்போல் வளர்த்துச் சோறு உண்ணும் ஊர்கள். பட்டுப்புழுவைச் சொல்கிறேன். அரசின் பட்டு வளர்ப்புப் பயிற்சி நிலையமே ஓசூரில் இருக்கிறது. முட்டையிலிருந்து வெளிவந்த புழு நான்கு முறை தோலுரித்து, ஏறத்தாழ 25 நாள்களில் கூடு கட்டத் தொடங்குகிறது. அந்த நாள்களில் வளர்ப்பு மனையுள்ள வீட்டில் எவருக்கும் முழு உறக்கமில்லை. இலை வாடக்கூடாது, வெப்பம் ஏறக்கூடாது, எறும்பு நுழையக்கூடாது, கை கழுவாமல் தட்டைத் தொடக்கூடாது. இந்தக் காவலில் பெரும்பங்கு தாய்மார்களுடையது. பிரசவித்த பெண்ணைப் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும் என்று அவர்களே சொல்வதுண்டு.

மல்பெரித் தோட்டத்தைப் புகையிலைக் கொல்லைக்கு அருகில் வைக்கலாகாது என்பது பட்டு வளர்ப்போர் அறிந்த விதி. புகையிலையின் நிக்கோட்டின் இலைமேல் படிந்தால் அதைத் தின்ற புழு தலையைத் தூக்கித் துடித்து, பச்சை நீரைக் கக்கி, சுருங்கி மடியும். இன்று நம் பக்கத்தில் புகையிலைக் கொல்லைக்கு அஞ்சுவோர் அரிது. அஞ்ச வேண்டியது அண்டை நிலத்துத் தெளிப்பானுக்கு. நிக்கோட்டினைப்போலவே பூச்சியின் நரம்பைத் தாக்குமாறு செய்யப்பட்ட நியோநிக்கோட்டினாய்டு மருந்துகள் இப்போது வயல்களில் பரவலாகப் புழங்குகின்றன. அவற்றுள் இமிடாகுளோபிரிட் உட்பட மூன்றை ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் திறந்தவெளிப் பயிர்களுக்குத் தடை செய்தது. தேனீக்களுக்கு நேரும் கேடே காரணம். நம் உரக்கடைகளில் இமிடாகுளோபிரிட் இன்றும் கிடைக்கிறது. தக்காளிக்கும் குடைமிளகாய்க்கும் ரோஜாவுக்கும் அடித்த மருந்து, காற்று திசைமாறினால் அடுத்த வரப்பைத் தாண்டி மல்பெரி இலையில் படிகிறது. அதை உண்ட புழுக்கள் ஒரே இரவில் மடிந்தால், அந்தக் குடும்பத்துக்கு ஒரு மாத உழைப்பும் கடனாக வாங்கிய முதலும் போயின.

இங்கேதான் நாம் சற்று நின்று எண்ண வேண்டும். பட்டுப்புழு தட்டில் இருக்கிறது; காலையும் மாலையும் மனிதர் கண் அதன்மேல் இருக்கிறது; ஆகவே அது செத்தால் தெரிகிறது. அதே காற்று, அதே மருந்தைச் சுமந்துகொண்டு, வரப்பிலுள்ள தும்பையின் மீதும் எருக்கின் மீதும் ஆவாரையின் மீதும் வீசுகிறது. அங்கே சாகும் புழுவுக்கு உடையவர் இல்லை. எருக்கில் வெந்தய வரியனின் புழுவும், கொன்றையில் கொன்றை வெள்ளையனின் புழுவும் இருந்தனவா, இல்லையா என்று யார் பார்த்தார்கள்?

கிருஷ்ணகிரி மாம்பழத்துக்குப் பேர்போனது. மாம்பூவில் மகரந்தம் சேர்ப்பதில் தேனீக்குப் பங்குண்டு. ஆயினும் பெரும்பணியைச் செய்வது நாம் முகம் சுளிக்கும் ஈக்கள். தைவான் நாட்டு மாந்தோப்புகளில் இதற்கென்றே ஈக்களை வளர்த்து விடுவதுமுண்டு. நம் தோப்புகளிலோ பூக்கும் பருவத்தில்தான் தத்துப்பூச்சி வருகிறது. ஆதலால் பூக்கும் பருவத்தில்தான் மருந்தும் தெளிக்கப்படுகிறது. தத்துப்பூச்சியைக் கொல்லும் கை, பூவைக் காயாக்கும் ஈயையும் கொல்கிறது. பூ நிறையப் பூத்தும் காய் பிடிக்கவில்லை என்று ஒரு தோட்டக்காரர் பனியையும் வானத்தையும் நொந்துகொள்ளும்போது, காரணத்தில் ஒரு பங்கு அவர் தோளில் தொங்கிய தெளிப்பானிலும் இருக்கக்கூடும்.

இதற்காக உழவர்மேல் மட்டும் பழிபோடுவது முறையன்று. ஓசூர் ரோஜா கடல்கடந்து செல்கிறது. வாங்குபவர் இதழில் ஒரு புள்ளியைப் பொறுப்பதில்லை. திருமண மேடைக்கும், ஏன், நம் பீடத்துக்கும் வாங்கும் ரோஜாவில் புழு கடித்த இதழை நாமும் பொறுப்பதில்லையே! கறையற்ற பூவைக் கேட்கும் கையும் மருந்தடிக்கும் கையும் ஒரே சந்தையில்தான் சந்திக்கின்றன.

மருந்தை மட்டும் சொல்லி நிறுத்தினால் உண்மையில் பாதியே சொன்னதாகும். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது முதல் ஓசூர் வளர்ந்துகொண்டே இருக்கிறது. 2024 ஜூனில் 2000 ஏக்கரில் விமான நிலையம் அமையும் என்று சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. பிழைப்புத் தந்த வளர்ச்சியை நாம் குறைகூறவில்லை; அந்த ஆலைகளின் ஊதியத்தில் கரையேறிய குடும்பங்கள் ஆயிரமாயிரம். ஆனால் கேழ்வரகும் மொச்சையும் விளைந்த மானாவாரி நிலம் மனைப்பிரிவாகும்போது முதலில் நடப்பது யாது? பொக்லைன் வந்து புதர், புற்று, வேலி அனைத்தையும் ஒரே நாளில் வழித்தெடுக்கிறது. வீடு கட்டப்படுவதோ பத்தாண்டு கழித்து. ஒரு செடியும் இல்லாத அந்தச் செம்மண் சதுரங்களில் பட்டாம்பூச்சி எதன்மேல் முட்டையிடும்? உழவு மாடு குறைந்து டிராக்டர் பெருகியபோது, சாணத்தை உருட்டி மண்ணுள் புதைத்த சாணவண்டுக்கும் இரை குறைந்தது.

பிறகு, விளக்கு. இரவெல்லாம் வெள்ளொளி எரியும் சாலைகளும் ஆலை வளாகங்களும் நமக்குப் பெருமையாக இருக்கின்றன. இங்கிலாந்தில் சாலையோர வேலிச் செடிகளை ஆராய்ந்து 2021இல் வெளியிட்டவர்கள், தெருவிளக்கு எரியும் இடங்களில் அந்திப்பூச்சிகளின் புழுக்கள் இருளிலுள்ள வேலிகளைக் காட்டிலும் 47 விழுக்காடு குறைவாக இருக்கக் கண்டனர். பழைய மஞ்சள் விளக்கைவிடப் புதிய வெள்ளை எல்.ஈ.டி. விளக்கின் கீழ் குறைவு இன்னும் கடுமையாக இருந்தது. மின்மினியின் துன்பம் வேறு வகை. அது ஒளியால் பேசித் துணையைத் தேடும் உயிர். நாம் இரவைப் பகலாக்கினால் அதன் பேச்சு ஒருவருக்கும் கேளாது. இருள் கெடாத ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் 2022 ஏப்ரலில் எண்ணற்ற மின்மினிகள் காடு முழுதும் ஒருசேர விட்டுவிட்டு ஒளிர்ந்ததைப் படத்தில் கண்டு வியந்தோம். அஞ்செட்டிக் காட்டோரம் இன்னும் சிறிது இருள் மிஞ்சியிருக்கிறது.

தண்ணீர் பற்றியும் ஒரு சொல். உலகெங்கும் செய்யப்பட்ட 166 நீண்டகாலக் கணக்கெடுப்புகளைத் தொகுத்து 2020இல் வெளியான ஆய்வு, நிலத்துப் பூச்சிகள் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 9 விழுக்காடு குறைவதாகக் கூறியது. ஆனால் நன்னீரில் வளரும் பூச்சிகள் பத்தாண்டுக்கு 11 விழுக்காடு பெருகியிருந்தன. சில நாடுகள் தங்கள் ஆறுகளைத் தூய்மை செய்ததே அதற்குக் காரணமாகலாம் என்றனர் ஆய்வாளர். நம் தென்பெண்ணை, பெங்களூரின் கழிவைச் சுமந்து, கெலவரப்பள்ளி அணையில் வெண்ணுரை மலையாய்ப் பொங்குவதைச் செய்தித்தாள்களில் எத்தனை முறை பார்த்துவிட்டோம்! தும்பியின் குஞ்சு நீருக்குள் வாழ்ந்து கொசுப்புழுவைத் தின்று வளர்வது. நீர் கெட்டால் தும்பி போகும், கொசு போகாது. பூச்சி குறைந்தது நல்லதுதானே என்று எண்ணுவோர் கவனிக்க: குறைபவை நமக்குத் தொண்டு செய்யும் பூச்சிகள், கொசுவும் கரப்பானும் குறையவில்லை.

இத்தனையும் கேட்டு மனம் தளர வேண்டியதில்லை என்பதற்கு இரண்டு செய்திகள் உண்டு. முதலாவது தேனீ. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியச் சிற்றூர் மக்களுக்குத் தேனீ வளர்ப்பைக் கற்பித்தவர் நியூட்டன் அடிகளார். நம் அடுக்குத் தேனீயின் அளவறிந்து அவர் அமைத்த சிறு பெட்டி இன்றும் நியூட்டன் பெட்டி என்றே வழங்குகிறது. 1991-92இல் சாக்புரூட் என்னும் நச்சுயிரி நோய் தென்னாட்டில் பரவி இத்தேனீக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றை அழித்தது, பெட்டிகள் வெறுமையாயின. ஆயினும் நோயைத் தாங்கி எஞ்சிய சில கூட்டங்களிலிருந்து அவை மெல்ல மீண்டன. மீள்வதற்குப் புங்க மரமும் புளிய மரமும் அன்று பூத்து நின்றன.

இரண்டாவது, மாவுப்பூச்சியின் கதை. 2008இல் கோயம்புத்தூரில் முதன்முதலாகக் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, மல்பெரியையும் பற்றிக்கொண்டு பட்டு வளர்ப்போரைக் கலங்கச் செய்தது. எத்தனை மருந்து அடித்தும் பயனில்லை. அதன் மெழுகுப் பூச்சு மருந்தைத் தடுத்தது. 2010இல் பெங்களூரிலுள்ள மத்திய அரசின் வேளாண் பூச்சியியல் நிறுவனம் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து ஒரு நுண்ணிய குளவியைத் தருவித்தது. ஊசிமுனை அளவே உள்ள அக்குளவி மாவுப்பூச்சியின் உடலில் முட்டையிடும். அதன் புழு உள்ளிருந்தே மாவுப்பூச்சியை உண்டு முடிக்கும். தோட்டங்களில் அதை விட்டபின் உழவர்களுக்குச் சொல்லப்பட்ட கட்டளை ஒன்றே: மருந்து அடிக்காதீர்கள். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கிற்று. குளவி வீட்டில் கூடு கட்டினால் அவ்வீட்டில் குழந்தை பிறக்கும் என்று நம் பாட்டிமார் அதைக் கலைக்க விடமாட்டார்கள். அந்த நம்பிக்கையின் உண்மை எப்படியாயினும், அதனால் பிழைத்த குளவிகள் பல.

சில ஊர்களில் மல்பெரி வைத்தவரும் தக்காளி வைத்தவரும் பேசிக்கொண்டு, மருந்தடிக்கும் நாளை முன்கூட்டியே தெரிவிக்கலாம். காற்று அடங்கிய மாலையில் அடிக்கலாம். பூ மலர்ந்திருக்கும்போது அடியாமல் மொட்டுப் பருவத்தோடு நிறுத்தலாம். வீட்டில் இருப்போர் கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம்போல் ஒட்டியிருக்கும் புழுவைக் கண்டால் நசுக்காமல் இரண்டு கிளையை அதற்கு விட்டுக்கொடுக்கலாம். அதுவே பின்னர் கருஞ்சிறகு விரிக்கும் பட்டாம்பூச்சி.

இந்தக் கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். பூத்திருக்கும் தும்பையோ துளசியோ ஒரு பாத்தி போதும். வெயில் ஏறிய காலை பத்து மணிக்கு, அதன் எதிரே பத்து நிமிடம் அசையாமல் அமர்ந்து, பூவில் வந்து அமர்பவற்றை எண்ணச் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் தேனீ, ஈ, வண்டு, பட்டாம்பூச்சி, எறும்பு என்று பிரித்தால் போதும். வாரம் ஒருமுறை, அதே இடம், அதே நேரம். ஏட்டில் தேதியும் ஊரும் வானிலையும் மறவாமல் எழுதுக. ஒன்றும் வராத நாளிலும் சுழியம் என்று எழுத வேண்டும். கிரெஃபெல்டு நகரத்தார் தங்கள் பொறியில் மிகக் குறைவாக விழுந்த நாள்களையும் விடாமல் எடை போட்டுத்தான் வைத்தார்கள்.